மாஸ்டீரியா சிலந்திகளை அடையாளம் காணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்டுத் தரையில் ஈரச் சருகைக் கிளறினால் ஓடி ஒளியும் குட்டிச் சிலந்திகளில் மாஸ்டீரியாவும் ஒன்றாக இருக்கலாம். 1873-இல் லுட்விக் கோக் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தார். பிஜி, பிலிப்பைன்ஸ், கரீபியன் தீவுகள், தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து என வெப்பமண்டலத்தில் பல இடங்களில் இவை வாழ்கின்றன. டிப்ளூரிடே எனப்படும் திரைவலைச் சிலந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

முதல் தவறு உருவத்தை வைத்துத் தீர்மானிப்பது. டரான்டுலா அடங்கிய மைகலோமார்ஃப் பிரிவில்தான் மாஸ்டீரியாவும் வருகிறது. அந்தப் பிரிவு என்றாலே உள்ளங்கை அளவு, ரோமம், தடித்த கால்கள் என்று மனதில் ஒரு படம் வந்துவிடுகிறது. மாஸ்டீரியாவோ வளர்ந்த பிறகும் சில மில்லிமீட்டர்தான். அதனால் முதிர்ந்த சிலந்தியையே ஏதோ பெரிய இனத்தின் குஞ்சு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆண் முதிர்ந்ததா என்று அறிய, வாய்க்குப் பக்கத்தில் குட்டிக் கால் போல இருக்கும் பெடிபால்ப் என்ற உறுப்பின் நுனியைப் பார்க்க வேண்டும். விந்தைச் செலுத்தும் குமிழ் அங்கே தெளிவாகத் தெரியும். பெண்ணை வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது கடினம். வயிற்றுக்குள் இருக்கும் விந்து சேமிப்புப் பைகளை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் இனத்தை உறுதியாகச் சொல்ல முடியும். ஒரே ஒரு புகைப்படத்தை வைத்து இனப்பெயர் வரை எழுதிவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பேரினம் வரை சொல்லி நிறுத்துவதில் குறைவு ஒன்றும் இல்லை.

கண்களை எண்ணி முடிவுக்கு வருவதும் இங்கே உதவாது. சிலந்திக்கு எட்டுக் கண் என்றுதான் பள்ளியில் படிக்கிறோம். மாஸ்டீரியாவில் எட்டுக் கண் உள்ள இனங்களும் உண்டு, ஆறு உள்ளவையும் உண்டு. குகை இருட்டில் வாழும் சில இனங்களுக்குக் கண்ணே கிடையாது. ஆகவே கண் எண்ணிக்கை பொருந்தவில்லை என்பதற்காகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள்.

அதிகம் பேர் விழும் குழி இன்னொன்று இருக்கிறது. வயிற்றின் பின்முனையில் நூல் விடும் உறுப்புகள் இரண்டு, வால் போல நீண்டிருக்கும். திரைவலைச் சிலந்திகளின் அடையாளம் இது என்பது உண்மைதான். ஆனால் புல்வெளியில் புனல் வடிவ வலை கட்டும் அகெலெனிடே குடும்பத்துக்கும், மரப்பட்டையில் ஒட்டிக்கிடக்கும் ஹெர்சிலிடே குடும்பத்துக்கும் இதே போல நீண்ட உறுப்புகள் உண்டு. அவை மைகலோமார்ஃப் பிரிவைச் சேர்ந்தவை அல்ல. சரி, எப்படிப் பிரித்தறிவது? சிலந்தியை ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, கைலென்ஸ் கொண்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். மைகலோமார்ஃப்களின் விஷப்பற்கள் ஒன்றுக்கொன்று இணையாக, மேலிருந்து கீழே குத்தும்படி அமைந்திருக்கும். மற்ற இரண்டு குடும்பங்களிலும் அவை இடுக்கி போல எதிரெதிராக வந்து சேரும். அப்புறம், புத்தகத் தாள்கள் போல அடுக்கடுக்காக அமைந்த சுவாச உறுப்புகளான புத்தக நுரையீரல்களையும் பாருங்கள். மைகலோமார்ஃப்களுக்கு இரண்டு ஜோடி இருப்பதால் வயிற்றின் அடியில் நான்கு வெளிர் திட்டுகள் தெரியும். இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

திரைவலை என்ற பெயரைக் கேட்டு, கிளைகளுக்கிடையே விரிந்து தொங்கும் பெரிய வலையைத் தேடாதீர்கள். குடும்பத்தின் பெரிய இனங்கள் அப்படிக் கட்டலாம். மாஸ்டீரியாவின் வலை சருகு அடுக்குகளின் இடுக்கிலும், கல்லுக்கும் மட்கிய கட்டைக்கும் அடியிலும் இருக்கும் மெல்லிய நூல் விரிப்பு. கட்டையைப் புரட்டும் கணத்திலேயே அது கிழிந்துவிடுகிறது. வலை கண்ணில் படவில்லை என்பதால் சிலந்தி இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

பழைய புத்தகங்களை நம்பிப் பயப்படுவதும் தவறு. சிட்னி புனல்வலைச் சிலந்தியான அட்ராக்ஸ் ஒரு காலத்தில் டிப்ளூரிடே குடும்பத்தில்தான் இருந்தது. 1980-இல் அது ஹெக்ஸாதெலிடே என்ற தனிக் குடும்பத்துக்கு மாற்றப்பட்டது, 2018 முதல் அட்ராசிடே குடும்பத்தில் இருக்கிறது. அதன் விஷம் மனிதனுக்கு ஆபத்தானது. ஆனால் பழைய குடும்பப் பெயரை வைத்து மாஸ்டீரியாவையும் அதே வரிசையில் நிறுத்துவதற்கு எந்தக் காரணமும் இல்லை. டிப்ளூரிடேயும் 2020-இல் மறுபடி உடைந்தது, இஷ்னோதெலிடே போன்றவை தனிக் குடும்பங்களாகப் பிரிந்தன. குடும்பப் பெயரை எங்கே படித்தாலும் அந்த நூல் வெளிவந்த ஆண்டைச் சேர்த்துப் பாருங்கள்.

இத்தனையிலும் எனக்குப் பெரிதாகப் படுவது சேகரிக்கும்போது நடக்கும் தவறுதான். இந்தச் சிலந்திகள் ஈரத்தை நம்பி வாழ்பவை. சருகை அள்ளி வெயிலில் பரப்பிவிட்டுத் தேடினால் சிலந்தி வாடிச் செத்துவிடும், அதோடு வாழும் மற்ற உயிர்களும் போய்விடும். நிழலில், வெள்ளைத் துணி மேல், கொஞ்சம் கொஞ்சமாகச் சலியுங்கள். புரட்டிய கல்லையும் கட்டையையும் முன்பு இருந்தபடியே திருப்பி வையுங்கள், மெதுவாக. அதன் அடியில் இருந்த ஈரம் ஒரு நாள் வெயிலில் போய்விடும், மீண்டும் சேர நாளாகும். ஆய்வுக்காக எடுத்தே ஆக வேண்டும் என்றால், முதலில் உரிய அனுமதி வாங்குங்கள். பிடித்த சிலந்தியைக் கெடாமல் வைக்க எத்தனால் என்ற ஆல்கஹாலில் போடுங்கள்; உடலமைப்பைப் பார்க்க 70 முதல் 80 சதவீத எத்தனால் போதும், மரபணு ஆய்வுக்கு 95 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குப்பிக்குள் போடும் சீட்டில் இடம், தேதி, அந்த இடம் கடல்மட்டத்திலிருந்து இருக்கும் உயரம், சருகா கட்டையா குகையா என்ற விவரம், எடுத்தவர் பெயர் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.