பூதசுத்தி ஏட்டை வாசிக்கத் தொடங்குவது எப்படி?

பூசைக்கு முன் உடம்பிலுள்ள ஐம்பூதங்களைப் பாவனையால் தூய்மை செய்யும் சைவச் சடங்குதான் பூதசுத்தி. வடமொழியைக் கிரந்த எழுத்தில் எழுதிய ஓலை ஏட்டில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. முதல் எழுத்திலிருந்து தொடங்கினால் மூச்சு முட்டும். பூதசுத்திப் பகுதியைத் தேடும்போது நான் வடிவங்களைத்தான் முதலில் பிடிப்பேன். சதுரம் நிலம், பிறை நீர், முக்கோணம் நெருப்பு, அறுகோணம் காற்று, வட்டம் ஆகாயம். ‘அர்த்தசந்திர’, ‘த்ரிகோண’ என்று அடுத்தடுத்துக் கண்ணில் பட்டால் சரி, இடம் வந்துவிட்டது.

அப்புறம் வரிசையைப் பாருங்கள். நிலம் நீரில் ஒடுங்கும், நீர் நெருப்பில் ஒடுங்கும். பூதங்களோடு இணைத்துச் சொல்லப்படும் சிவசக்தியின் கூறுகளான கலைகள் ஐந்தும், நிவிருத்தி முதல் சாந்தியதீதை வரை, இதே வரிசையில் வரும். ஒரு சுவடிக்கட்டில் நெருப்புக்கு அடுத்து நீர் வந்தது. அரை நாள் தத்துவ விளக்கம் தேடினேன். கடைசியில், ஓர் ஏடு இடம் மாறிக் கோக்கப்பட்டிருந்தது! ஓரத்திலுள்ள ஏட்டெண்ணை முதலிலேயே எழுதி வையுங்கள்.

உடம்பை எரித்து அமுதத்தால் நனைப்பதாகப் பாவிக்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள். சிவமாகித்தான் சிவனைப் பூசிக்க வேண்டும் என்ற கருத்து அங்கேதான் செயலாகிறது. பாடம் சிதைந்திருந்தால் 11ஆம் நூற்றாண்டின் சோமசம்புபத்ததி என்ற சைவக் கிரியை நூலோடு ஒப்பிடுங்கள். புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோ பதிவேட்டில் ஏறியவை. அங்கே பிரெஞ்சு நிறுவனத்தில் வேறு பிரதிகளும் தேடலாம்.