குடும்பப் படம் எடுக்கப் போகிறீர்களா, முதலில் பாட்டியிடம் நேரம் கேளுங்கள்

பெரியப்பா தவறிய அன்று இரவு பதினொரு மணிக்கு நாங்கள் ஐந்து பேர் ஆளுக்கொரு போனைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய படம் ஒன்றைத் தேடினோம். காலையில் மாலை போட்டு வைக்க வேண்டும். படங்களுக்குக் குறைவே இல்லை. பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர், பாதிக் கண் மூடியவர், பேத்திக்குப் பின்னால் கலங்கலாகத் தெரிபவர், எல்லாமே பெரியப்பாதான், ஆனால் நேராகப் பார்க்கிற படம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஒரு கல்யாண மேடைப் படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்தார்கள். இடது தோளில் யாருடையதோ கை. அந்தக் கையை அழித்த ஸ்டூடியோக்காரர் கூடவே கொஞ்சம் தோளையும் அழித்துவிட்டார். இன்றைக்கும் கூடத்தில் அப்படித்தான் தொங்குகிறது.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஆள் வைத்து முறையாக மூன்று தடவை குடும்பப் படம் எடுத்தாயிற்று. முதல் தடவை பணம் வீண், இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவதுதான் சுவரில் ஏறியது. நான் போட்டோகிராபர் இல்லை. பதினான்கு பேரைப் பிடித்து ஒரே இடத்தில் நிறுத்துகிற வேலை மட்டும் என் தலையில் விழுந்தது, அந்தப் பக்கத்திலிருந்து கற்றதைத்தான் எழுதுகிறேன்.

முதல் விஷயம், விசேஷ நாளிலேயே இதையும் முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அப்பாவின் எழுபதுக்குத் திருக்கடையூரில் பீமரத சாந்தி வைத்திருந்தோம், எல்லாரும்தான் வருகிறார்களே, அங்கேயே படமும் எடுத்துவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். விடியற்காலை எழுந்து, ஹோமப் புகையில் உட்கார்ந்து எல்லாருக்கும் கண் சிவந்து, கலச நீர் ஊற்றி அப்பாவும் அம்மாவும் தொப்பலாக நனைந்து, உடை மாற்றி வருவதற்குள் சின்னக் குழந்தை தூங்கிப் போய், பெரிய பையன் பசியில் கத்தி, மருமகன் பஸ் நேரம் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கோலத்தில் நின்று எடுத்த படத்தில் ஒருத்தர் முகத்திலும் உயிர் இல்லை. சடங்குப் படம் வேறு, குடும்பப் படம் வேறு. முதல் நாள் சாயங்காலம் எடுங்கள், இல்லையென்றால் பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ எல்லாரும் ஊருக்கு வந்திருக்கும்போது இதற்கென்று ஒரு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

நேரம் குறிப்பதுதான் இருப்பதிலேயே சிக்கலான வேலை. வெளியில் எடுப்பதாக இருந்தால் வெயில் சாய்ந்திருக்க வேண்டும். நடுப்பகலில் நம் ஊர் சூரியன் தலைக்கு மேல் நிற்கும், கண் குழிக்குள் நிழல் விழுந்து எல்லாரும் இரண்டு நாள் தூங்காதவர்கள் மாதிரித் தெரிவார்கள். தை மாதத்தில் ஆறு மணி சுமாருக்குப் பொழுது சாய்ந்துவிடும், ஆனி ஆடியில் ஆறரை தாண்டும். அதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் நல்ல வெளிச்சம், நம் பக்கத்தில் இருட்டும் சட்டென்று வந்துவிடும் என்பதால் தாமதமாக வந்தால் அவ்வளவுதான். சரி, எல்லாருக்கும் லீவு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம் என்று போட்டோகிராபரிடம் பேசி அட்வான்ஸும் கொடுத்துவிட்டு வந்தால், பாட்டி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: ராகு காலம். ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை. நல்ல வெளிச்சம் இருக்கிற நேரம் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை, பாட்டிக்கு இருக்கிறது, மனசில்லாமல் உட்கார்ந்த பாட்டியின் முகம்தான் படத்தின் நடுவில் வரப் போகிறது. சனிக்கிழமை சாயங்காலத்துக்கு மாற்றினோம், சனிக்கு ராகு காலம் காலை ஒன்பது முதல் பத்தரை வரைதான். ஞாயிறுதான் முடியும் என்றால் காலை ஏழு மணி நன்றாக இருக்கும்.

ராகு காலத்தோடு சேர்த்து இன்னும் இரண்டு பேருடைய கடிகாரத்தைப் பாருங்கள். ஒன்று குழந்தை தூங்கி எழும் நேரம், இன்னொன்று பெரியவர்களின் மாத்திரை, காபி நேரம். இவை இரண்டும் ஒத்துவந்தால் மற்றவர்கள் தானாக ஒத்துவருவார்கள்.

இடத்துக்கு ரொம்ப அலைய வேண்டாம். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் சொந்த வீட்டுத் திண்ணையையும் வராந்தாவையும் விட நல்ல இடம் கிடையாது. நிழலில் வெளிச்சத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தால் போதும். மரத்தடி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இலைகளுக்கு நடுவே விழும் வெயில் முகத்தில் புள்ளி புள்ளியாக அடிக்கும், அடர்ந்த நிழலாக இருந்தால் தோலில் லேசாகப் பச்சை ஏறும். கோவில், கடற்கரை, பூங்கா என்றால் முன்பே கேட்டுவிட்டுப் போங்கள், பல கோவில்களில் உள்ளே கேமராவே கூடாது, மாமல்லபுரம் மாதிரித் தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாட் வைப்பதற்கே அனுமதி வேண்டும்.

போட்டோகிராபரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் போனில் காட்டுகிற நாலு அழகான படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அதில் பெரும்பாலும் ஒரு ஜோடிதான் இருக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிற ஒரு குடும்பத்தின் மொத்தப் படங்களையும் காட்டச் சொல்லுங்கள். எங்கள் முதல் ஆள் கல்யாண ஜோடிகளை அருமையாக எடுப்பவர், பின்னணி கரைந்துபோய்ப் பார்க்கவே குளுகுளுவென்று இருக்கும். அதே லென்ஸை அதே மாதிரித் திறந்து வைத்து இரண்டு வரிசைக் குடும்பத்தை எடுத்தார், முன்வரிசை தெளிவு, பின்வரிசையில் நின்ற நான், என் மனைவி, தம்பி எல்லாரும் கரைந்துவிட்டோம். இரண்டு மூன்று வரிசை என்றால் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழைகிற துளையை, எஃப் 5.6, 8 என்று சிறிதாக மூடி வைக்க வேண்டும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அதே போல இடம் போதவில்லை என்று அகல லென்ஸ் போட்டால் இரண்டு ஓரத்திலும் நிற்பவர்கள் அகலமாகிவிடுவார்கள், எங்கள் அத்தை இன்னும் அதை மன்னிக்கவில்லை. இதையெல்லாம் அவருக்கு நீங்கள் வகுப்பு எடுக்க வேண்டாம். முதல் படம் எடுத்ததும் பின்வரிசை முகங்களைத் திரையில் பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள், அது போதும்.

பணம் பேசும்போது எத்தனை படம் எடிட் செய்து தருவார், முழு அளவு ஃபைல் தருவாரா, எத்தனை நாளில், பிரிண்ட் சேர்த்தா தனியா என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். படத்தை உங்களைக் கேட்காமல் தன் விளம்பரத்துக்குப் போடக் கூடாது என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று, 1957-ம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். வேறு ஒப்பந்தம் இல்லாதவரை என்பதுதான் முக்கியம், அதனால் அவர் நீட்டுகிற தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

உடை விஷயத்தில் வீட்டுக்கு வீடு சண்டை வரும். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் ஒரே துணி எடுப்பது எனக்குப் பிடிக்காது, பேண்டு வாத்தியக் குழு மாதிரி இருக்கும். ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளாத மூன்று நான்கு நிறங்களைச் சொல்லி அதற்குள் அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். பொடிக்கட்டம், நெருக்கமான கோடு போட்ட சட்டை வேண்டாம், படத்தில் அலை அலையாக நெளியும். அகலச் சரிகைப் பட்டு நேர் பிளாஷில் பளீரென்று வெளுத்துவிடும், ஆனால் அம்மாவுக்குக் கல்யாணப் பட்டுதான் வேண்டுமென்றால் உடுத்தட்டும், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைக்கச் சொல்லிப் போட்டோகிராபரிடம் முன்பே சொல்லுங்கள். வேட்டிக்கு இஸ்திரி போடுங்கள். சட்டைப் பையில் போன், பேனா, கண்ணாடிக் கூடு இருந்தால் எடுத்துவிடுங்கள். டால்கம் பவுடரை அப்பிக்கொண்டு பிளாஷுக்கு முன்னால் நிற்காதீர்கள், சில சன்ஸ்கிரீன்களும் அப்படித்தான், முகம் மட்டும் சாம்பல் பூத்து நிற்கும். வெயிலில் கறுக்கிற மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் பழைய சாதாரணக் கண்ணாடி இருந்தால் அதைக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் தாத்தா கூலிங்கிளாஸ் போட்ட மாதிரி விழுவார். மல்லிகைப்பூ தலைக்குப் பின்னால் முழுக்க மறைந்துவிடும், ஒரு சரத்தைத் தோளில் முன்பக்கம் வரும்படி விட்டால்தான் வைத்ததற்கு அடையாளம்.

எந்தெந்தக் கூட்டணியில் படம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, உறவு முறையெல்லாம் தெரிந்த ஒரு ஆளிடம் கொடுங்கள். போட்டோகிராபருக்கு உங்கள் சின்ன மாமனார் யாரென்று தெரியாது. முதலில் மொத்தக் குடும்பம், குழந்தைகள் இன்னும் கலையாமல் இருக்கும்போதே. அடுத்து தாத்தா பாட்டி பேரப்பிள்ளைகள். அதற்கடுத்து பெரியவர்களின் தனிப்படம், அதை முடித்து அவர்களை உள்ளே அனுப்பி ஓய்வெடுக்க விட்டுவிடுங்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை, தனித்தனிக் குடும்பம் எல்லாம் மெதுவாக எடுக்கலாம். மூன்று பேர் மட்டும் நிற்க வேண்டி வந்தால் யாராவது கூடாது என்பார்கள், வாதம் செய்யாமல் ஒரு பொடியனை நடுவில் விட்டு எடுத்துவிட்டு நகருங்கள். பெரியவர்களுக்கு மர நாற்காலி போடுங்கள், பிளாஸ்டிக் நாற்காலி படத்தில் தனியாகத் துருத்தும். பாதம் தரையில் படியவில்லை என்றால் கீழே மணைப்பலகை வையுங்கள், கால் தொங்கினால் உடம்பு இறுகிவிடும், அது முகத்தில் தெரியும். முக்கியமாக அன்றைக்குச் சமையல் வைத்துக்கொள்ளாதீர்கள், டிபன் வெளியில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அம்மா நடுநடுவே அடுப்பைப் பார்க்க ஓடிக்கொண்டே இருப்பார்.

கண் மூடுகிற பிரச்சினைக்கு ஒரு கணக்கே இருக்கிறது. ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவைச் சேர்ந்த நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் இருவரும் போட்ட கணக்கு, அதற்கு 2006-ல் இக் நோபல் பரிசுகூடக் கொடுத்தார்கள், முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கிற ஆராய்ச்சிக்குத் தருகிற வேடிக்கைப் பரிசு அது. இருபது பேருக்குள் என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுங்கள், மங்கல் வெளிச்சத்தில் இரண்டால், அத்தனை படம் எடுத்தால் எல்லாரும் கண் திறந்திருக்கிற ஒன்றாவது அநேகமாகக் கிடைத்துவிடும். பதினான்கு பேருக்கு ஐந்து, மங்கலில் ஏழு. கணக்கு கண்ணிமைக்கு மட்டும்தான். மூக்கில் விரல் விடுகிற மூன்று வயதுப் பையன் இருந்தால் இருபது படமாவது எடுக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பையனைப் பார்த்து நாலு பேர் நாலு பக்கத்திலிருந்து "இங்க பாரு, இங்க பாரு" என்று கத்துவதுதான் படத்தைக் கெடுக்கிற முதல் காரணம், கத்துகிறவர்களும் படத்தில் நிற்பவர்களே என்றால் அவர்கள் கண்ணும் எங்கோ போயிருக்கும். ஒரே ஒரு ஆள் லென்ஸுக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டால் போதும். பெரியவர்களிடம் "சிரிங்க" என்று சொல்லாதீர்கள். எங்கள் அப்பா கேமராவைப் பார்த்தாலே ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்கிற முகத்தை வைத்துக்கொள்வார். தம்பி பக்கத்தில் நின்று, அந்தக் காலத்தில் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தீர்களே, உங்களைத் தள்ளிவிட்டது மாமாதானே என்று கேட்டான். அவன் இல்லை என்று அப்பா ஆரம்பித்தார், அந்தப் படம்தான் இப்போது சுவரில்.

தனிப்படம் பற்றிக் கொஞ்சம். பெரியவர்கள் ஒவ்வொருவரையும் மார்பு வரை, நேராகப் பார்த்தபடி, பின்னால் வெறும் சுவர் வைத்து, தோளில் யார் கையும் இல்லாமல் ஒன்று எடுத்து வையுங்கள். எதற்கு என்று வெளியே சொல்ல வேண்டியதில்லை. நான் அம்மாவிடம் பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டும் என்று சொன்னேன். "எதுக்குன்னு எனக்குத் தெரியாதா, தோடு தெரியற மாதிரி எடுக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

எடிட்டிங்குக்குப் போகும் முன்பே நிறத்தை வெளுக்க வேண்டாம், சுருக்கத்தை மெழுக வேண்டாம் என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பாட்டி நாற்பது வயதுக்காரராக வருவார், அது பாட்டியே இல்லை. ஃபைல்களை பென்டிரைவிலோ டிரைவ் லிங்க்கிலோ வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்தால் பெரும்பாலும் நீளப்பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கியிருக்கும், சுவரில் மாட்டுகிற 12-க்கு 18 அங்குலப் பிரிண்ட் கூர்மையாக வர 3600-க்கு 5400 பிக்சல் வேண்டும். வேறு வழியில்லை என்றால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். கையில் வந்த மாதமே பிரிண்ட் போட்டுவிடுங்கள், தள்ளிப்போட்டால் அது அப்படியே கிடக்கும். மேற்கு வெயில் அடிக்கிற சுவரில் மாட்டாதீர்கள், நிறம் போய்விடும்.

ஃப்ரேமின் பின் அட்டையில் தேதி, இடம், வரிசைப்படி எல்லார் பெயரும் எழுதி ஒட்டுங்கள். எங்கள் தாத்தா வீட்டில் 1974-ல் எடுத்த ஒரு படம் இருக்கிறது, இரண்டாவது வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக மீசையோடு நிற்பவர் யாரென்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் சண்டை.