மென்பொருளின் உள் ஆவணம்: டெவலப்பருக்கு உதவாமல் போவது எதனால்?

திறமூலத் திட்டங்களின் உள் ஆவணங்களில் (நிரலை மாற்ற வருபவர்களுக்காக எழுதப்படுபவை) அதிகம் கண்ணில் படும் தவறு, நிரலையே திரும்பச் சொல்வது. 'இந்த ஃபங்ஷன் வரிசையில் ஒரு பதிவைச் சேர்க்கும்' என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. அதன் பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. பேட்ச் (நிரலில் செய்யும் ஒரு மாற்றம்) எழுத வருபவருக்குத் தெரிய வேண்டியவை வேறு. அந்த ஃபங்ஷனை அழைக்கும்முன் எந்த லாக் (lock, ஒரே தரவில் பலர் ஒரே நேரத்தில் கைவைக்காமல் தடுக்கும் பூட்டு) கையில் இருக்க வேண்டும்? அது தரும் நினைவகத்தை யார் விடுவிப்பது? பாதியில் பிழை வந்தால் தரவு எந்த நிலையில் நிற்கும்?

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் இதை நன்றாகச் செய்கிறது. வட்டிலுள்ள தரவுப் பக்கங்களை நினைவகத்தில் வைத்துக் கையாளும் அதன் பஃபர் நிரல் இருக்கும் அடைவிலேயே ஒரு ரீட்மீ கோப்பு உண்டு. அது சொல்லும் விதி இது: ஒரு பக்கத்தில் பதிவுகளைத் தேட 'பின்' (pin, அந்தப் பக்கம் நினைவகத்திலிருந்து அகற்றப்படாமல் பிடித்துவைப்பது), லாக் இரண்டும் வேண்டும். தேவையான பதிவு கிடைத்து, அது நம் பரிவர்த்தனைக்குத் தெரியக்கூடியதுதான் என்று உறுதியானதும் லாக்கை விட்டுவிடலாம். 'பின்' இருக்கும்வரை அந்தப் பதிவைப் படிக்கலாம். இந்த விதியை நிரலிலிருந்து நாமே ஊகிப்பது கடினம். தவறாக ஊகித்தால் வரும் பிழை சோதனையில் சிக்காது, சுமை ஏறும்போதுதான் தலைகாட்டும்.

அடுத்தது, காரணத்தை விட்டுவிடுவது. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தின் கோப்பில், தொடக்கத்தில் உள்ள 100 பைட் தலைப்பில், 16ஆம் பைட்டிலிருந்து 2 பைட்களில் பக்க அளவு இருக்கும். அங்கே 1 என்று இருந்தால் 65,536 என்று பொருள். 2 பைட்டில் 65,535க்கு மேல் அடங்காது என்ற ஒரு வரியும் சேர்ந்தால்தான், அதைப் பிழை என்று நினைத்து யாரும் 'திருத்த' மாட்டார்கள்.

ஆவணத்தைத் தனி விக்கியில் வைத்தால் அது சீக்கிரமே பழசாகிவிடும். நிரல் இருக்கும் ரெப்போவிலேயே (நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் களஞ்சியம்) வையுங்கள். நடத்தை மாறும் பேட்சிலேயே ஆவணமும் மாற வேண்டும், ரிவ்யூ செய்பவர் அதைக் கேட்டு வாங்க வேண்டும். வரி எண்களைக் குறிப்பிடாதீர்கள், அடுத்த கமிட்டிலேயே (ரெப்போவில் பதியும் மாற்றம்) நகர்ந்துவிடும். கோப்பின் பெயரும் ஃபங்ஷனின் பெயரும் போதும், தேடினால் கிடைக்கும். படங்களையும் மெர்மெய்ட், கிராஃப்விஸ் போன்ற உரை வடிவில் வைத்தால் டிஃப்பில் (பழையதையும் புதியதையும் ஒப்பிடும் பட்டியல்) மாற்றம் தெரியும். ரஸ்ட், பைத்தான் ஆகிய நிரல் மொழிகளில் ஆவணத்தில் உள்ள உதாரணங்களையே சோதனையாக ஓட்டலாம். ஆனால் சுற்றியுள்ள விளக்கம் பொய்யானால் அதை எந்தக் கருவியும் பிடிக்காது.

மேல்நோட்டம் இல்லாமல் நேராக நுணுக்கத்தில் இறங்குவதும் படிப்பவரைத் திணறடிக்கும். தொகுதிகளை அகர வரிசையில் அடுக்குவதைவிட, ஒரு கோரிக்கை போகும் வழியைச் சொல்லுங்கள்: எஸ்க்யூலைட்டில், எஸ்க்யூஎல் (தரவுத்தள வினவல் மொழி) உரை டோக்கனைசர் (சொற்களாகப் பிரிப்பது), பார்சர் (இலக்கணப்படி அலசுவது) வழியாக பைட்கோடாகிறது (எஞ்சின் ஓட்டும் கட்டளைகள்), அதை ஓட்டும் எஞ்சின் பி-ட்ரீயை (பதிவுகளை வரிசையாக அடுக்கித் தேடும் மர அமைப்பு) கேட்கிறது, பி-ட்ரீ பேஜரை (கோப்பிலிருந்து பக்கங்களைப் படித்து எழுதும் பகுதி) கேட்கிறது. எங்கே பிரேக்பாயின்ட் (பிழை தேட நிரலை நிறுத்தும் இடம்) வைப்பது என்பது அதிலேயே புரிந்துவிடும். நிறுவும் முறையை இதில் கலக்க வேண்டாம், அது பயனர் கையேட்டின் வேலை.

பழைய வடிவமைப்பு முன்மொழிவுகளை அப்படியே ஆவண அடைவில் போட்டுவைப்பது இன்னொரு வம்பு. அவற்றில் பாதி நடந்திருக்கும், பாதி கைவிடப்பட்டிருக்கும். முதல் வரியிலேயே நிலையை எழுதுங்கள்: நடைமுறையில் உள்ளது, மாற்றப்பட்டது, கைவிடப்பட்டது. கைவிட்டதற்கான காரணமும் அங்கேயே இருந்தால், அதே யோசனையோடு வரும் அடுத்தவருக்கு அந்த இணைப்பையே பதிலாகக் கொடுத்துவிடலாம்.