இடுப்பில் கைத்துப்பாக்கி: தேர்வும் பழக்கமும்

லைசன்ஸ் கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்தத் துப்பாக்கி நல்லது?" என்பதுதான். நான் பட்டாளத்தில் ஆயுதப் பயிற்சி கொடுத்தவன். ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டைப் பார்த்துக்கொள்கிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்கள், மிளகு வாங்கி விற்பவர்கள், கூலிப் பணத்தோடு மலையேறும் எஸ்டேட் முதலாளிகள் என்று இதற்காக என்னைத் தேடி வருகிறவர்கள் உண்டு. அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: "தினமும் என்ன உடுத்துவீங்க? எதில் போய் வருவீங்க?" இதற்குப் பதில் வந்த பிறகுதான் துப்பாக்கிப் பேச்சு.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டுபோகிறவர் அதற்கென்று செய்த உறையில் உடம்போடு சேர்த்து வைத்திருக்க வேண்டும், அல்லது முதுகுப்பை மாதிரி ஒன்றுக்குள் வைத்திருக்க வேண்டும். துப்பாக்கி முழுக்க மறைந்திருக்க வேண்டும், அதே நேரம் நம் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். சட்டை விலகி பிடி எட்டிப் பார்த்தாலே தப்பு. வெளியே எடுத்துக் காட்டி ஒருவரை மிரட்டினால் லைசன்ஸ் போய்விடும். அதனால் உங்கள் உடைக்குள் மறையாத துப்பாக்கி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது.

இன்னும் லைசன்ஸ் வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. 21 வயது முடிந்திருக்க வேண்டும், பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றிதழ் வேண்டும், உயிருக்கு என்ன ஆபத்து என்பதைக் காரணத்தோடு சொல்ல வேண்டும். காவல்துறை விசாரணை முடிந்துதான் முடிவு வரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசன்ஸ் 5 வருடத்துக்குச் செல்லும். ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம். எந்த எல்லைவரை செல்லும் என்று லைசன்ஸிலேயே எழுதியிருப்பார்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்று இருந்தால் பெங்களூருக்குச் சரக்கு எடுத்துப் போகும்போது துப்பாக்கி வீட்டில்தான் இருக்க வேண்டும்.

சரி, எதை வாங்குவது? போலீஸும் பட்டாளமும் வைத்திருக்கும் 9 மி.மீ. பிஸ்டல் நமக்குக் கிடையாது, அது தடைசெய்யப்பட்ட வகை. தற்காப்புக்கு என்று வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் .32 ரிவால்வரிலோ .32 பிஸ்டலிலோதான் வந்து நிற்பார்கள். .32 என்பது குழலின் அளவு, அங்குலக் கணக்கில். ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளைக்குள் இருக்கும், பிஸ்டலில் பிடிக்குள் செருகும் மேகசின் என்ற பெட்டிக்குள் இருக்கும். இரண்டுக்கும் .32 என்றே பெயர் இருந்தாலும் தோட்டா வேறு. பிஸ்டல் தோட்டா நீளம் குறைவு, விளிம்பும் சிறியது. ரிவால்வர் அறைக்குள் (தோட்டா உட்காரும் குழி) அது நுழைந்துவிடும் என்பதற்காகப் போட்டுச் சுட்டுப் பார்க்கக் கூடாது. கடையில் தோட்டா வாங்கும்போது பெட்டியின் மேல் எழுதியிருப்பதைத் துப்பாக்கிக் குழலில் பொறித்திருப்பதோடு ஒத்துப் பாருங்கள்.

வாராவாரம் பழக நேரம் ஒதுக்க முடியாதவருக்கு நான் ரிவால்வரைத்தான் சொல்வேன். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் டிரிகரை மறுபடி இழுத்தால் போதும், அடுத்த தோட்டா வந்து நிற்கும். உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்பதைத் திறந்த உடனே கண்ணால் எண்ணிவிடலாம். பிஸ்டல் தட்டையாக இருப்பதால் மெல்லிய சட்டைக்குள் நன்றாக மறையும், அது உண்மை. ஆனால் அதன் ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) இழுக்க விரலில் பலம் வேண்டும், சிக்கிக்கொண்டால் சரிசெய்யத் தனிப் பழக்கம் வேண்டும். எல்லாவற்றையும் விட, மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் ஏராளம். குழலின் அறைக்குள் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும். வீட்டுக்குள் தவறி வெடிப்பது பெரும்பாலும் அந்த ஒரு தோட்டாதான். பிஸ்டல் வாங்குகிறவர் முதலில் மேகசின், பிறகு ஸ்லைடு, பிறகு அறைக்குள் கண்ணாலும் சுண்டுவிரலாலும் சோதனை என்ற வரிசையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

ரிவால்வரிலும் இரண்டு வகை உண்டு. கான்பூரில் பல காலமாகச் செய்துவரும் .32 ரிவால்வர் வெப்லி என்ற பழைய பிரிட்டிஷ் ரிவால்வர் மாதிரியில் நடுவே மடங்கித் திறக்கும். 2014இல் வந்த நிர்பீக் என்ற ரிவால்வரும் அந்த வகைதான்; டைட்டானியம் கலவையில் செய்தது, அரைக் கிலோ எடை. 2023இல் கான்பூரிலிருந்து வந்த பிரபல், உருளை பக்கவாட்டில் வெளியே வரும் வகை, அதைவிடக் கொஞ்சம் கனம். எடை குறைந்தால் நாள் முழுக்க இடுப்பில் இருப்பது தெரியாது. எடை கூடினால் டிரிகர் இழுக்கும்போது கை ஆடாது. தினமும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு இலேசானதே நல்லது என்பது என் கருத்து. பாரமாக இருந்தால் பத்து நாளில் மேஜை டிராயருக்குப் போய்விடும். டிராயரில் கிடக்கும் துப்பாக்கி பக்கத்து மேஜைக்காரர் கைக்கு எட்டும்.

கடையில் கையில் வாங்கியதும் முதலில் திறந்து காலி என்று பாருங்கள், விற்பனையாளர் இப்போதுதான் பார்த்துக் கொடுத்தார் என்றாலும் சரி. பிறகு பிடியை முடிந்தவரை மேலே ஏற்றிப் பிடியுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு டிரிகரில் படிய வேண்டும். விரல் நுனி மட்டும் எட்டினால் துப்பாக்கி உங்களுக்குப் பெரிது. கடைக்காரரின் அனுமதி கேட்டு, பத்திரமான திசையில் நீட்டி, ஹேமரை (பின்னால் இருக்கும் சுத்தி) கட்டைவிரலால் இழுக்காமல் டிரிகரை மட்டும் 6 முறை தொடர்ந்து இழுத்துப் பாருங்கள். நாலாவது முறையிலேயே முன் குறி (குழல் நுனியில் குறி பார்க்க இருக்கும் மேடு) கீழே சாய்ந்தால் விரலுக்கு அந்த ஸ்பிரிங் கடினம் என்று அர்த்தம். வேறு துப்பாக்கியைப் பாருங்கள்.

தாத்தா காலத்து ரிவால்வர் பரம்பரையாக வருகிறது என்றால் லைசன்ஸ் அலுவலகத்தில் முறைப்படி உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு ஆர்மரர் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) ஒருவரிடம் காட்டாமல் சுடாதீர்கள். பழைய மடக்கு ரிவால்வரில் பூட்டு தேய்ந்திருக்கும். ஹேமரைப் பின்னுக்கு இழுத்த நிலையில் உருளை இடவலமாக ஆடினால் தோட்டாவும் குழலும் நேராக நிற்கவில்லை. அது காட்சிக்கு மட்டும்தான்.

துப்பாக்கிக்குச் செலவு செய்தவர்கள் உறைக்குக் கஞ்சத்தனம் பார்ப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கெட்டித் தோலில், உங்கள் துப்பாக்கியின் அளவுக்கே தைத்ததாக இருக்க வேண்டும். டிரிகர் பகுதி முழுக்க மூடியிருக்க வேண்டும். துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் சுருங்காமல் திறந்தே இருக்க வேண்டும். சுருங்கினால் திரும்ப வைக்கும்போது சட்டை நுனியோ தோலின் மடிப்போ டிரிகருக்குள் மாட்டும். கட்டைவிரலால் தட்டித் திறக்கும் வார் ஒன்றும் தேவை. பெல்ட் ஒன்றரை அங்குல அகலத்தில் விறைப்பாக இருக்கட்டும்.

நம் பக்கத்துப் பெரியவர்கள் பலர் வேட்டிதான். வேட்டிக்கு மேல் கட்டும் பச்சை பெல்ட்டின் பர்சுக்குள் ரிவால்வரைச் செருகி வருகிறவர்களுக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வது: வேண்டாம் ஐயா. அது பணத்துக்குச் செய்தது. டிரிகரை மூடாது, குனிந்தால் சாயும், விதி கேட்கும் உறையும் அது இல்லை. துப்பாக்கி எடுத்துப் போகும் நாளில் பேன்ட் போடுங்கள்.

வைக்கும் இடம் வலது இடுப்பு எலும்புக்குச் சற்றுப் பின்னால். அங்கே உடம்பில் இயல்பாகவே ஒரு பள்ளம் உண்டு. முதுகெலும்புக்கு நேராக வைக்காதீர்கள், பைக்கில் மல்லாந்து விழுந்தால் எலும்பு போய்விடும். வயிற்றுக்கு முன்னால் வைப்பது புதியவருக்கு ஆகாது, குழல் தொடையைப் பார்த்திருக்கும். அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவு. அத்தனையிலும் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும்போது உறை எங்கே அழுத்துகிறது, சீட் பெல்ட் எதன்மேல் விழுகிறது என்பதைக் காலி துப்பாக்கியோடு ஒரு தடவை ஏறி இறங்கிப் பார்த்துவிடுங்கள். பஸ் என்றால் வலது இடுப்பு ஜன்னல் பக்கம் வரும்படி உட்காருங்கள். பையில் வைப்பதை விதி அனுமதித்தாலும் எனக்கு அதில் சம்மதம் இல்லை. டீ குடிக்க இறங்கும்போது பை சீட்டிலேயே இருந்துவிடும்.

சட்டை ஒரு அளவு பெரிதாக, கட்டம் போட்டதாக, அடர் நிறத்தில் இருக்கட்டும். கண்ணாடி முன் நின்று பஸ்ஸில் மேலே பை வைப்பதுபோல் கையைத் தூக்குங்கள், செருப்பு மாட்டுவதுபோல் குனியுங்கள். இரண்டிலும் உறையின் நுனி தெரியக் கூடாது. மலையில் ஜெர்கின் போட்டால் மறைப்பது சுலபம். ஆனால் ஜிப்பை இழுத்து மூடிவிட்டால் கை உள்ளே போகாது. குளிர் மாதங்களில் அந்த ஜெர்கினைப் போட்டுக்கொண்டேதான் பழக வேண்டும்.

இனி பழக்கம். தோட்டா விலையும் அதிகம், லைசன்ஸில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் வாங்கவும் முடியாது. ஆனால் பழக்கத்தின் முக்கால் பங்குக்குத் தோட்டாவே தேவையில்லை. பட்டாளத்தில் இதற்கு டிரை பிராக்டிஸ் என்போம்.

தோட்டாக்களை எல்லாம் எடுத்து வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். துப்பாக்கியைத் திறந்து அறைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள், விரலால் தொட்டும் பாருங்கள். எதிரே கருங்கல்லோ செங்கல்லோ கட்டிய கனத்த சுவர் வேண்டும். ஓட்டுத் தடுப்போ பலகையோ ஆகாது. சுவருக்கு அப்பால் யாரும் இருக்கக் கூடாது. வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு, போனை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். அறைகளில் டம்மி தோட்டா (மருந்து இல்லாத போலித் தோட்டா) போட்டால் தோட்டாவின் அடியை அடிக்கும் ஊசிக்கும் நல்லது. .22 துப்பாக்கியை மட்டும் காலியாக வைத்துத் தட்டவே கூடாது, அறை விளிம்பில் ஊசி அடித்துக் கெட்டுப்போகும்.

முதல் சில வாரங்கள் டிரிகர் மட்டும். சுவரில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு புள்ளி வைத்து, முன் குறியைத் தெளிவாகப் பார்த்து (புள்ளி கொஞ்சம் மங்கலாகத் தெரியட்டும்), டிரிகரை ஒரே சீராகப் பின்னுக்கு இழுங்கள். குழலின் மேல் முன் குறிக்குப் பின்னால் ஒரு ஒரு ரூபாய்க் காசை வைக்கச் சொல்லுங்கள். ஹேமர் விழுந்த பிறகும் காசு விழாமல் நின்றால் விரல் தனியாக வேலை செய்யப் பழகிவிட்டது. காசு இடப்பக்கம் விழுந்துகொண்டே இருந்தால் மற்ற விரல்களும் சேர்ந்து இறுகுகின்றன. பிடியை முதலிலேயே இறுக்கிக்கொண்டு, டிரிகர் விரலை மட்டும் அசையுங்கள்.

அது கைக்கு வந்த பிறகு உறையிலிருந்து எடுப்பது. இதை அவசரப்படாமல் நான்கு அசைவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடது கை சட்டை நுனியைக் கொத்தாகப் பிடித்து மார்பு வரை தூக்கும். வலது கை பிடியில் முழுதாக அமரும், கட்டைவிரல் வாரைத் திறக்கும். துப்பாக்கி நேராக மேலே வந்து முன்பக்கம் திரும்பும். பிறகு இரண்டு கையும் மார்புக்கு முன்னால் சேர்ந்து நீளும். இவ்வளவு நேரமும் ஆள்காட்டி விரல் டிரிகருக்கு வெளியே, துப்பாக்கி உடலின் பக்கவாட்டில் நீட்டியே இருக்கும். குறி பார்த்துச் சுட முடிவெடுத்த பிறகுதான் உள்ளே போகும். திரும்ப வைப்பது இன்னும் மெதுவாக, உறையைக் கண்ணால் பார்த்து. விபத்து நடப்பது பெரும்பாலும் இந்தத் திரும்ப வைக்கும் நேரத்தில்தான். வேகம் தானாக வரும், தேடிப் போகாதீர்கள்.

தோட்டாவோடு சுடுவது ரேஞ்சில் (துப்பாக்கி சுடும் பயிற்சித் திடல்) மட்டும். எஸ்டேட் நம்முடையதுதானே என்று சில்வர் ஓக் மரத்தில் அட்டை கட்டிச் சுடுகிறார்கள். சேர்வராயன் மலை முழுக்கக் கெட்டிப் பாறை, குண்டு பட்டுத் தெறித்தால் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மிளகுக் கொடிக்கு நடுவில் ஆள் வேலை செய்வதும் தெரியாது. அப்புறம், காட்டெருமைக்கு என்று கைத்துப்பாக்கியை நம்பி நடக்காதீர்கள். அது வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்கு, .32 குண்டு அதற்குக் கோபத்தைத்தான் மூட்டும். தள்ளி நின்று வழி விடுங்கள்.

ரேஞ்சில் 25 மீட்டரில் புள்ளியைத் தேடுவது விளையாட்டு வீரர்களின் வேலை. நீங்கள் 3 மீட்டரில் தொடங்கி, குண்டுகள் எல்லாம் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் விழும்வரை அங்கேயே நில்லுங்கள். பிறகு 5, பிறகு 7. ஒவ்வொரு தடவையும் சில தோட்டாக்களை வலது கையால் மட்டும், சிலவற்றை இடது கையால் மட்டும் சுடுங்கள். பணப்பையோ குழந்தையோ ஒரு கையில் இருக்கலாம். நண்பரிடம் உருளையில் டம்மியையும் நிஜத் தோட்டாவையும் கலந்து போடச் சொல்லுங்கள். டம்மி வரும்போது குழல் கீழே குத்தினால், சத்தத்துக்குப் பயந்து நீங்கள் முன்கூட்டியே அழுத்துகிறீர்கள். வீட்டுக்குப் போய் மறுபடி காசுப் பழக்கம்.

எப்போது எடுத்துப் போகக் கூடாது என்பதையும் பழக்கமாக்க வேண்டும். ஒரு மடக்கு குடித்தாலும் துப்பாக்கி பெட்டிக்குள். கல்யாணம், காதுகுத்து, சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டம் எதற்கும் வேண்டாம். விசேஷத்தில் மகிழ்ச்சிக்காக வானத்தில் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 வருடம் வரை சிறையோ 1 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். தேர்தல் அறிவித்து ஒப்படைக்கச் சொன்னால் ஸ்டேஷனிலோ லைசன்ஸ் பெற்ற கடையிலோ கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுடுவதைத் தற்காப்பு என்று நினைக்காதீர்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்காப்பு உரிமை 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பது 37இல் இருக்கிறது. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நேரடி ஆபத்து, தப்ப வேறு வழியில்லை என்ற நிலைக்குத்தான் இத்தனை பழக்கமும். வெள்ளியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், கொடுத்துவிட்டுப் போலீஸைக் கூப்பிடுங்கள்.

பராமரிப்பில் நம் ஊருக்கு என்று இரண்டு தொல்லை: கீழே சேலத்து வியர்வை, மேலே ஏற்காட்டுப் பனிமூட்டம். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்துவிடுங்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். எண்ணெய் தொட்ட துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, இரும்புப் பெட்டியில் பூட்டி, தோட்டாவைத் தனிப்பெட்டியில் வையுங்கள். சாவி பிள்ளைகளுக்குத் தெரியாத இடத்தில் இருக்கட்டும். அறைகளுக்குள் எண்ணெய் தேங்க விடாதீர்கள், தோட்டாவின் அடியில் ஊறிப்போய் அது வெடிக்காமல் போகும். மழைக்காலம் முழுக்க இடுப்பில் சுமந்த 6 தோட்டாவையும் தை மாதம் ரேஞ்சில் சுட்டுவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.