சவூதியில் கைதானால்: ஊரில் இருக்கும் குடும்பம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரியாத்திலிருந்தோ தம்மாமிலிருந்தோ போன் வரும். "உங்க ஆளை போலீஸ் கூட்டிட்டுப் போயிடுச்சு" என்று கூடத் தங்கியிருப்பவர் சொல்வார். அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தெரியாது. 2025-இன் தொடக்கத்தில் இந்திய நாடாளுமன்றத்தில் வெளியுறவுத் துறை கொடுத்த கணக்குப்படி, வெளிநாட்டுச் சிறைகளில் 10,000-க்கும் அதிகமான இந்தியர்கள் இருந்தார்கள். அதில் சுமார் 2,600 பேர் சவூதியில். இப்படி ஒரு போன் வந்த வீடுகள் நம் பக்கத்திலும் நிறைய இருக்கின்றன; வெட்கப்பட்டு வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அந்த வெட்கம்தான் முதல் தவறு. "ரெண்டு நாளில் விட்டுவிடுவார்கள், ஊருக்குத் தெரிய வேண்டாம்" என்று காத்திருக்கும் நாட்களில்தான் அங்கே விசாரணை நடக்கிறது, வாக்குமூலம் எழுதப்படுகிறது.

இந்தக் கட்டுரை சவூதி அரேபியாவைப் பற்றியது மட்டுமே. ஷரீஅத் சட்டம் என்றால் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் என்று நினைத்து, துபாயில் ஒருவருக்கு நடந்ததைச் சவூதி வழக்குக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். குவைத், அமீரகம், சவூதி மூன்றுக்கும் நீதிமன்றமும் நடைமுறையும் வேறு வேறு.

எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் அலைவது

வீட்டில் எல்லாவற்றையும் ‘ஜெயில்’ என்றே சொல்கிறோம். ஆனால் காவல் நிலையத்தில் இருப்பது, தர்ஹீலில் இருப்பது, சிறையில் இருப்பது மூன்றும் வேறு. தர்ஹீல் என்பது நாடு கடத்தக் காத்திருப்பவர்களை வைக்கும் இடம். கஃபீல் (வேலைக்கு எடுத்த முதலாளி) ஹுரூப் கொடுத்துவிட்டார், அதாவது வேலையை விட்டு ஓடிவிட்டதாகப் புகார் செய்துவிட்டார் என்றாலும், இகாமா (குடியிருப்பு அட்டை) காலாவதி ஆகிவிட்டது என்றாலும் பெரும்பாலும் அங்கேதான் கொண்டுபோவார்கள். அவருக்குத் தேவை பயணப் பத்திரமும் வெளியேறும் அனுமதியும். அதற்கு வக்கீல் பிடித்துப் பணம் செலவழிப்பதில் பயனில்லை. ஆனால் தர்ஹீலில் இருப்பவர் பெயரில் வேறு ஏதாவது வழக்கோ கடனோ பதிவாகி, ‘மத்லூப்’ (தேடப்படுபவர்) என்று காட்டினால், அது தீராமல் விமானம் ஏற முடியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் மாதக்கணக்கில் "டிக்கெட் வரும், டிக்கெட் வரும்" என்று காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு.

தூதரகத்தில் கேட்டால், பெயரை மட்டும் வைத்துத் தேடுவது கஷ்டம் என்பார்கள். அது உண்மைதான். நம் பெயர்கள் அரபியில் எழுதப்படும்போது ஆளுக்கொரு மாதிரி ஆகிவிடும். இகாமா எண், பாஸ்போர்ட் எண், எல்லை நுழைவு எண், கஃபீலின் பெயர், கைதான ஊர், தேதி ஆகிய இவ்வளவும் இருந்தால்தான் தேடல் நகரும். இகாமா நகலும் பாஸ்போர்ட் நகலும் வீட்டில் இல்லாமல் ஆளை அனுப்பிவைப்பது பெரிய தவறு. பாஸ்போர்ட் கஃபீலிடம் இருக்கும், இகாமா ஆளின் பையில் இருக்கும், ஆள் உள்ளே இருப்பார்.

புரியாத காகிதத்தில் கையெழுத்து

இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதன் விலையைத் தமிழ் பேசும் ஒரு பெண் உயிராகக் கொடுத்திருக்கிறார்.

ரிசானா நஃபீக் திருகோணமலை மாவட்டத்து மூதூரைச் சேர்ந்தவர். 2005-இல் வீட்டு வேலைக்குச் சவூதி போனார். போன சில வாரங்களிலேயே அவர் பார்த்துக்கொண்டிருந்த கைக்குழந்தை இறந்துபோனது. பாலூட்டும்போது புரையேறியதாக அவர் சொன்னார். கழுத்தை நெரித்ததாக வழக்கு வந்தது. போலீஸ் விசாரணையில் அவருடன் வக்கீல் இல்லை. ஒப்புதல் வாக்குமூலம் ஒன்றில் கையெழுத்து வாங்கப்பட்டது. அதை மொழிபெயர்த்தவருக்குத் தமிழ் எவ்வளவு தெரியும் என்பதிலேயே கடுமையான கேள்விகள் எழுந்தன. வற்புறுத்தி வாங்கியது என்று பிறகு அவர் அதை மறுத்தார். 2007 ஜூனில் தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2013 ஜனவரி 9-ஆம் தேதி அது நிறைவேற்றப்பட்டது.

வாக்குமூலத்தை மறுத்த பிறகும் ஏன் எடுபடவில்லை? இங்கே சட்டத்தின் நுணுக்கம் ஒன்று இருக்கிறது. இஸ்லாமியச் சட்ட மரபில், இறைவனின் உரிமையாகக் கருதப்படும் ஹுதூத் குற்றங்களில், ஒப்புக்கொண்டவர் பின்னால் மறுத்தால் அந்த மறுப்புக்கு மதிப்பு உண்டு. கிஸாஸ், அதாவது உயிருக்கு உயிர் என்ற வகை வழக்கில், அந்த உரிமை இறந்தவரின் வாரிசுகளுடையது. அதில் ஒப்புதலைத் திரும்பப் பெறுவதற்கு அந்த மதிப்பு கிடையாது. எனவே கொலை வழக்கில் முதல் நாள் போடும் கையெழுத்து கடைசி நாள்வரை துரத்தும்.

சவூதியின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் விசாரணையின்போதே வக்கீலின் துணையை நாடும் உரிமையைத் தருகிறது. அரபி தெரியாதவருக்கு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்றும் சொல்கிறது. நடைமுறையில் பல வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வக்கீல் இல்லாமலேயே விசாரிக்கப்படுகிறார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் திரும்பத் திரும்பப் பதிவு செய்துள்ளன. எனவே கேட்காமல் கிடைக்கும் என்று இருக்கக் கூடாது. உள்ளே இருப்பவர் போனில் பேசினால், "சாப்பிட்டியா" என்பதற்கு அடுத்ததாகச் சொல்ல வேண்டியது: புரியாத எதிலும் கையெழுத்தோ கைரேகையோ வைக்காதே, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேள், தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேள். மலையாளமோ இந்தியோ தெரிந்த ஒருவரை உட்கார வைத்தால் ‘பரவாயில்லை, சமாளிச்சுக்கலாம்’ என்று ஒத்துக்கொள்வது நம் ஆட்களின் பழக்கம். வேலையிடத்தில் அது சரி. விசாரணை அறையில் சரிப்படாது.

ரிசானா வழக்கில் இன்னொன்றும் இருக்கிறது. அவர் உண்மையில் பிறந்தது 1988-இல். ஏஜென்ட் ஏற்பாடு செய்த பாஸ்போர்ட்டில் 1982 என்று இருந்தது. சம்பவத்தின்போது அவருக்கு வயது 17. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் சவூதியும் சேர்ந்திருக்கிறது. பதினெட்டு வயதுக்குள் நடந்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்பது அதன் விதி. ஆனால் அங்கே அவருடைய வயதைச் சொன்ன ஆவணம் அந்தப் பாஸ்போர்ட். வேலை கிடைக்கட்டும் என்று வயதைக் கூட்டிக் காட்டும் பழக்கம் இன்னும் முழுக்க ஒழியவில்லை. தன் மகளுக்குச் சட்டம் தரும் கடைசிப் பாதுகாப்பைத் தானே பறிக்கிறோம் என்று எந்தத் தாயும் நினைத்து அதைச் செய்வதில்லை. நடப்பது அதுதான்.

உரிமை யாருடையது என்று பார்க்காமல் மனு போடுவது

சவூதி வழக்கில் குடும்பம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இது ‘ஹக் காஸ்’ வழக்கா, ‘ஹக் ஆம்’ வழக்கா, இரண்டும் சேர்ந்ததா என்பது. பாதிக்கப்பட்ட ஆளுக்கு உள்ள தனி உரிமை ஹக் காஸ். அரசுக்கு உள்ள பொது உரிமை ஹக் ஆம். யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

ரிசானாவுக்காக அன்றைய இலங்கை ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச சவூதி மன்னரிடம் கருணை கேட்டார். உலகம் முழுவதிலுமிருந்து மன்னருக்குக் கோரிக்கைகள் போயின. கிஸாஸ் வழக்கில் மன்னிக்கும் உரிமை மன்னருடையது இல்லை, குழந்தையின் பெற்றோருடையது. அவர்களிடமும் பேசிப் பார்த்தார்கள், அவர்கள் மன்னிக்கவில்லை. இன்றும் நம் ஊரில் இப்படி ஒரு செய்தி வந்தால் முதலில் பிரதமருக்கும் மன்னருக்கும்தான் மனு எழுதுகிறோம். எழுதட்டும், தவறில்லை. ஆனால் இறந்தவரின் வீட்டார் யார், எந்த ஊர், எந்தக் கோத்திரம், அவர்கள் மதிக்கும் பெரியவர் யார் என்று விசாரிப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. அதே போல, ரமலானில் அறிவிக்கும் அரச மன்னிப்பும் பொது உரிமைக்குத்தான் பொருந்தும். கடன், மோசடி, உயிர் என்று தனி உரிமை பாக்கி இருப்பவர் அந்தப் பட்டியலில் வரமாட்டார்.

போதைப்பொருள் வழக்கு இதற்கு நேர் எதிர். அதில் மன்னிக்கக் குடும்பம் யாரும் கிடையாது. முழுக்க அரசின் வழக்கு.

பணம் கட்டினால் உடனே வந்துவிடுவார் என்று நம்புவது

கோழிக்கோட்டைச் சேர்ந்த அப்துல் ரஹீம் வழக்கு இதற்குப் பாடம். அவர் 2006 கடைசியில் கைதானார். அவர் பராமரித்து வந்த மாற்றுத்திறனாளிச் சிறுவனின் சாவுக்காக மரண தண்டனை. பல ஆண்டுப் பேச்சுக்குப் பிறகு சிறுவனின் குடும்பம் 1.5 கோடி ரியாலுக்கு இணங்கியது. அது சுமார் 34 கோடி ரூபாய். 2024 ஏப்ரலில் மக்களே அந்தப் பணத்தைத் திரட்டினார்கள். ஜூலையில் மரண தண்டனை ரத்தானது. எல்லோரும் அடுத்த வாரமே வந்துவிடுவார் என்று எதிர்பார்த்தார்கள். வரவில்லை. குடும்பத்தின் உரிமை தீர்ந்தது, அரசின் உரிமை தீரவில்லை. விசாரணை தள்ளித் தள்ளிப் போய், 2025 மே மாதம் நீதிமன்றம் பொது உரிமையின் கீழ் 20 ஆண்டுச் சிறை என்று தீர்ப்பளித்தது. ஏற்கெனவே உள்ளே கழித்த காலத்தை அதில் கழித்துக்கொள்வார்கள் என்பதுதான் ஆறுதல்.

தியா, அதாவது உயிருக்கு ஈடாகச் சட்டம் நிர்ணயித்த தொகை வேறு, கிஸாஸைக் கைவிடக் குடும்பம் கேட்கும் சமரசத் தொகை வேறு. 2011-இல் தியா தொகை விபத்துச் சாவுக்கு 3 லட்சம் ரியால், வேண்டுமென்றே செய்த கொலைக்கு 4 லட்சம் ரியால் என்று உயர்த்தப்பட்டது. சமரசத் தொகைக்கு அப்படி வரம்பு கிடையாது, கோடிகளில்கூடக் கேட்கலாம். "நாலு லட்சம் ரியால்தானே" என்று கணக்குப் போட்டுக்கொண்டு பேச்சுக்குப் போவது இரண்டு பக்கத்துக்கும் மனக்கசப்பைத்தான் தரும்.

மன்னித்துவிட்டதாக வாய்வார்த்தையாக ஒரு செய்தி வந்ததும் பணத்தை அனுப்பாதீர்கள். மன்னிப்பு நீதிமன்றத்தில் பதிவாக வேண்டும். வாரிசுகளில் சிறு குழந்தைகள் இருந்தால் அவர்கள் பெரியவர்களாகி முடிவு சொல்லும் வரை நீதிமன்றம் காத்திருக்கவும் செய்யும். பணம் போக வேண்டிய வழி தூதரகம் வழியாக நீதிமன்றத்துக்கு. "எனக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியும்" என்று நடுவில் வருபவர் கையில் நகையை விற்ற பணத்தைக் கொடுத்துவிட்டு அழுதவர்கள் இருக்கிறார்கள்.

ஹவுஸ் டிரைவர் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று பார்க்காமல் சாவியைத் தொடாதீர்கள். விபத்தில் யாராவது இறந்து, தவறு உங்கள் பக்கம் என்று வந்து, இன்ஷூரன்ஸும் இல்லையென்றால் அந்தத் தியா உங்கள் தலையில் விழும். கஃபீல் கட்டாவிட்டால் சிறைதான். கொலையும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. அப்படியும் ஆண்டுகள் போய்விடும்.

பைக்குள்ளும் போனுக்குள்ளும்

இங்கே மருந்துக் கடையில் கிடைக்கும் டிரமடால், பிரிகாபலின், கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவை அங்கே கட்டுப்படுத்தப்பட்டவை. மருத்துவர் சீட்டும் அனுமதியும் இல்லாமல் பையில் போடக் கூடாது. "எங்க பையனுக்கு ஊறுகாய், கொண்டுபோய்க் கொடுத்துடு தம்பி" என்று யார் கொடுத்தாலும் பிரித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை நிறைவேற்றுவதைக் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் நிறுத்தி வைத்திருந்த சவூதி, 2022 நவம்பரில் மீண்டும் தொடங்கிவிட்டது. தெரியாமல் கொண்டுவந்தேன் என்பதை அங்கே நிரூபிப்பது மிகக் கடினம்.

போன் விஷயமும் அப்படித்தான். 2007-இன் இணையக் குற்றச் சட்டப்படி, பொது ஒழுங்குக்கோ மத விழுமியங்களுக்கோ எதிரானதாகக் கருதப்படும் பதிவுக்கு ஐந்தாண்டு வரை சிறையும் 30 லட்சம் ரியால் வரை அபராதமும் உண்டு. அனுமதியில்லாமல் ஒருவரைப் போனில் படம் பிடிப்பதும் அதே சட்டத்தில் குற்றம். ஊரில் இருந்து நாம் அனுப்பும் வாட்ஸ்அப் வம்பும் அவர் போனில்தான் போய் உட்காருகிறது. அதை நினைத்து அனுப்புங்கள்.

தீர்ப்பு வந்ததும் ஓய்ந்துபோவது

தண்டனை என்றதும் பல குடும்பங்கள் கையை விட்டுவிடுகின்றன. தீர்ப்பின் நகல் கைக்கு வந்ததிலிருந்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அரபியில் இருக்கும் அந்த நகலை மொழிபெயர்த்து, புரிந்துகொண்டு, வக்கீல் பிடிப்பதற்குள் 30 நாள் ஓடிவிடும். எனவே வக்கீலைத் தீர்ப்புக்கு முன்பே தேட வேண்டும். மரண தண்டனை என்றால் மேல்முறையீட்டு நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் இரண்டும் உறுதி செய்து, அரச ஆணையும் வர வேண்டும்.

பழைய தகவலை வைத்துப் பயப்படவும் வேண்டாம், தைரியப்படவும் வேண்டாம். நீதிபதி தன் விருப்பத்தில் விதிக்கும் தஃஸீர் தண்டனைகளில் சாட்டையடி 2020-இல் நிறுத்தப்பட்டு, அபராதமோ சிறையோ என்று ஆனது. சாட்சியச் சட்டம் எழுத்தில் வந்துவிட்டது. ஆனால் தஃஸீர் குற்றங்களுக்கான தொகுக்கப்பட்ட தண்டனைச் சட்டம் 2021-இல் அறிவித்தபடி இன்னும் வந்து சேரவில்லை. அதனால் ஒரே மாதிரியான குற்றத்துக்கு இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தண்டிக்க இடம் இருக்கிறது. "அவனுக்கு ஆறு மாசம்தான் கொடுத்தாங்க" என்ற பேச்சை நம்பி வக்கீல் வைக்காமல் இருக்காதீர்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் இந்தியத் தூதரகத்தின் இந்திய சமூக நல நிதியில் உதவி கேட்கலாம். இந்திய வெளியுறவுத் துறையின் மதத் இணையதளத்தில் புகாரைப் பதிந்து எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலத் துறையிடமும், இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடமும் எழுத்தில் கொடுங்கள். போனில் மட்டும் பேசிவிட்டு வருவது போதாது.

இந்தியாவுக்கும் சவூதிக்கும் இடையே தண்டனைக் கைதிகளை மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம் 2010-இல் கையெழுத்தானது. மீதித் தண்டனையை இந்தியச் சிறையில் கழிக்க அது வழிசெய்கிறது. தீர்ப்பு இறுதியாகியிருக்க வேண்டும், மேல்முறையீடு நிலுவையில் இருக்கக் கூடாது, கைதியே சம்மதிக்க வேண்டும். வீட்டார் மனு மட்டும் போதாது. எனவே அடுத்த முறை அவர் போனில் வரும்போது, தூதரக அதிகாரி சிறைக்கு வரும் நாளில் அந்தச் சம்மதத்தை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.