நெட் வரவில்லையா? புகார் கொடுக்கும் முன் பாருங்கள்

முதலில் ஃபைபர் மோடத்தின் விளக்குகளைப் பாருங்கள். எல்.ஓ.எஸ் (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால் வீட்டுக்கு ஒளியே வரவில்லை. மோடத்தை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. குமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு பக்கம் காற்றுமழைக்குப் பிறகு என்றால், ரப்பர் கிளை விழுந்து கேபிள் அறுந்திருக்கலாம். பச்சைக் கனெக்டர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, மஞ்சள் ஃபைபர் ஒயர் பீரோவுக்குப் பின்னால் நசுங்கிக் கிடக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கூர்மையாக மடங்கினால் ஒளி கசிந்துவிடும். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள். அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது. விரலும் படக்கூடாது, எண்ணெய்ப் பிசுக்கே சிக்னலைக் கெடுக்கும்.

ஒளி வருவதைக் காட்டும் பான் (PON) விளக்கு நிலையாக எரிந்தும் நெட் இல்லையா? பில் கட்டியாயிற்றா என்று பாருங்கள். பாதி வீடுகளில் அதுதான்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றால், மோடத்தைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் லேன் கேபிளின் பின்களில் பச்சைக் களிம்பு பிடிக்கும். வைஃபை வேலை செய்து லேன் மட்டும் வராவிட்டால் கேபிளை மாற்றுங்கள்; சுரண்டிப் பார்ப்பது வீண். ஐப்பசி இடிக்கு அடாப்டரையும் லேன் கேபிளையும் கழற்றி வையுங்கள். ஃபைபரின் கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது, அதைக் கழற்ற வேண்டாம்.

மெயில் மட்டும் வராவிட்டால் இடம் நிறைந்திருக்கும். ஜிமெயிலின் 15 ஜிபி, போட்டோவுக்கும் டிரைவுக்கும் சேர்த்துத்தான். பெரிய வீடியோக்களை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். 25 எம்பிக்கு மேற்பட்ட ஃபைல் இணைப்பாகப் போகாது. டிரைவ் லிங்க்காக அனுப்புங்கள். ஜிமெயிலைப் பார்க்கும் பழைய அவுட்லுக் மென்பொருள் திரும்பத் திரும்பப் பாஸ்வேர்டு கேட்டால், கூகுள் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, அவுட்லுக்குக்கென்று தனியாக 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுத்துப் போடுங்கள். அவுட்லுக் அமைப்பில் போர்ட் எண் கேட்டால், மெயில் அனுப்ப 587, பெற 993.