பழைய டாஸ் மெனுவை ஏஐ ஏஜென்ட் படிக்கணுமா? போட்டோ வேணாம், மெமரியையே குடுங்க

பினாங்கு லிட்டில் இந்தியாவுல எங்க பெரியப்பா மளிகைக் கடைக்குப் பின்னாடி ரூம்ல ஒரு பழைய 386 கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. விண்டோஸுக்கு முந்தின டாஸ்ல ஓடுற கணக்கு ப்ரோக்ராம், 1993லேர்ந்து யாருக்கு எவ்வளவு கடன்ல சாமான் போச்சுன்னு எல்லாமே அதுக்குள்ளதான், ஆனா எக்ஸ்போர்ட்னு ஒரு ஆப்ஷனே கிடையாது. ஒவ்வொரு பேரா மெனுவுல இறங்கி பாத்து எழுதி எடுக்க பெரியப்பாவுக்கு கண்ணு ஒத்துழைக்கல, அதான் ஸ்க்ரீனைப் படிச்சு தானே கீ தட்டுற ஏஐ ஏஜென்ட்கிட்ட குடுக்கலாம்னு உட்கார்ந்தேன். இதே மாதிரி மெஷின் வச்சிருக்கவங்க இப்படி பண்ணுங்க.

எதைத் தொடுறதுக்கும் முன்னாடி ஹார்ட் டிஸ்க்கை முழு இமேஜ், அதாவது அச்சு அசலா ஒரு காப்பி எடுத்துருங்க. ரொம்ப பழைய சின்ன டிஸ்க்கை சில யூஎஸ்பி அடாப்டர் கண்டுக்கவே கண்டுக்காது, அப்ப அந்தக் கால டிஸ்க் மாட்டுற ஐடிஇ போர்ட் இருக்கற பழைய பென்டியம் மெஷின்ல மாட்டி எடுங்க. அந்த காப்பிய டாஸ்பாக்ஸ்ல (இப்போதைய கம்ப்யூட்டர்ல டாஸை ஓட்டுற சாஃப்ட்வேர்) ஓட்டி எல்லாத்தையும் அங்கயே டெஸ்ட் பண்ணலாம், அதுல சீரியல் போர்ட்டை நல் மோடம் (ரெண்டு கம்ப்யூட்டரை நேரா இணைக்கற கேபிள்) மாதிரி நெட்வொர்க் வழியா குடுக்கற செட்டிங்கும் இருக்கு.

நிறைய பேர் கேமராவ வச்சு ஸ்க்ரீன படம் எடுத்து ஓசிஆர் போடுறாங்க, அதாவது படத்துலேர்ந்து எழுத்தைப் படிக்க வைக்கறாங்க. கடன் கணக்குல 8ஐ 3னு படிச்சா என்ன ஆகும்? தேவையே இல்ல. கலர் டெக்ஸ்ட் மோட்ல ஸ்க்ரீன்ல இருக்கற ஒவ்வொரு எழுத்தும் மெமரியில பி800ங்கற செக்மென்ட்ல அப்படியே உட்கார்ந்திருக்கு, மோனோக்ரோம்னா பி000. 80 காலம், 25 வரி, ஒரு எழுத்துக்கு 2 பைட், மொத்தம் 4000 பைட். முதல் பைட் எழுத்து, ரெண்டாவது கலர். இந்த கலர் பைட்டைத்தான் நிறைய பேர் தூக்கிப் போட்டுடுறாங்க, ஆனா மெனுவுக்கு உயிரே அதுதான். எங்க ப்ரோக்ராம்ல சாதா வரி எல்லாம் கலர் பைட் 1எஃப் (ஹெக்ஸ்ல), அதாவது நீலத்துல வெள்ளை, செலக்ட் ஆன வரி மட்டும் 70, சாம்பல்ல கறுப்பு. எந்த வரியில 70 இருக்கோ கர்சர் அங்க நிக்குது, அவ்வளவுதான்.

இதை சீரியல் கேபிள் வழியா லேப்டாப்புக்கு கொண்டு வர ஒரு சின்ன டிஎஸ்ஆர், அதாவது மெமரியிலயே தங்கி பின்னாடி ஓடுற ப்ரோக்ராம் எழுதணும். தானா திரும்பத் திரும்ப அடிக்கற டைமர் இன்டரப்ட் 1Cல மாட்டுங்க, செகண்டுக்கு 18.2 தடவை வரும், வீடியோ மெமரிய படிக்க டாஸ கூப்பிட வேண்டியதில்ல அதனால மெஷின் தொங்காது. சீரியல்ல 9600 பாட் வேகத்துல செகண்டுக்கு 960 பைட்தான் போகும், டைமர் ஒரு தடவை அடிக்கறப்ப 20 பைட் அனுப்புனா முழு ஸ்க்ரீன் போக 11 செகண்ட் ஆகும், அதனால பழைய காப்பி ஒண்ணு வச்சுக்கிட்டு மாறுன வரிய மட்டும் அனுப்புங்க. ஹைலைட் ஒரு வரி இறங்குனா ரெண்டு வரிதான் மாறும், ஒரு செகண்டுக்குள்ள வந்துரும். காப்பியும் ஸ்க்ரீனும் ஒண்ணாயிட்டா 'முடிஞ்சது'னு ஒரு சிக்னல் கண்டிப்பா அனுப்புங்க. நான் முதல்ல அதை விட்டுட்டேன், பாதி பழைய மெனு பாதி புது மெனுவா வந்ததைப் பாத்து ஏஜென்ட் என்டர் தட்டிடுச்சு, நல்லவேளை அது டாஸ்பாக்ஸ் காப்பி.

லேப்டாப்லேர்ந்து வர்ற கீயை ப்ரோக்ராமுக்கு அனுப்ப பயாஸோட (மெஷினுக்குள்ளயே இருக்கற அடிப்படை சாஃப்ட்வேர்) இன்ட் 16, ஃபங்ஷன் 05, அதுவே கீபோர்ட் பஃபர்ல போட்டுரும், ஆனா 15 கீதான் பிடிக்கும், அதனால ஒவ்வொண்ணா அனுப்புங்க. ப்ரோக்ராம் பயாஸை விட்டுட்டு நேரா கீபோர்டை படிக்கற டைப்னா இது வேலைக்காகாது, ஆர்டுயினோங்கற சின்ன போர்டை வச்சு கீபோர்ட் மாதிரி நடிக்க வைக்கணும்.

இந்தப் பக்கம் லேப்டாப்ல பைத்தானும், சீரியல் போர்ட்டை படிக்கற அதோட லைப்ரரி பைசீரியலும் போதும். பைட்டை டாஸ் காலத்து எழுத்துக் குறியீடான சிபி437னு டீகோட் பண்ணுங்க, இல்லன்னா மெனு பாக்ஸோட கோடெல்லாம் கண்ட எழுத்தா வரும். அப்புறம் எம்சிபி (ஏஐக்கு வெளி டூல்களை இணைக்கற முறை) வழியா ஏஜென்ட்டுக்கு ரெண்டே டூல் குடுங்க: ஒண்ணு ஸ்க்ரீனையும் ஹைலைட் ஆன வரியையும் சொல்றது, இன்னொண்ணு ஒரு கீ தட்டுறது. ரெண்டாவதுல ஒரு நிபந்தனை இருக்கணும், 'நான் எந்த வரியில நிக்கறேன்'னு ஏஜென்ட் சேர்த்து சொல்லணும், அது நிஜமா ஹைலைட் ஆன வரியோட ஒத்துப்போனாத்தான் என்டர் போகும். எங்க மெயின் மெனுவுல 'கஸ்டமர் லெட்ஜர்'க்கு நேர் கீழ 'இயர் எண்ட் க்ளோசிங்' இருக்கு, ஒரு வரி தவறுனா வருஷக் கணக்கே மூடிடும். அந்த மாதிரி வரிகள்ல என்டர் போகவே கூடாதுன்னு டூல் கோட்லயே பூட்டிடுங்க, ப்ராம்ப்ட்ல 'தயவுசெஞ்சு தொடாதே'னு எழுதி நம்பாதீங்க.

கடைசியா, ஒவ்வொரு லெட்ஜர் அடியிலயும் ப்ரோக்ராமே காட்டுற மொத்தத்தையும் தனியா எடுக்கச் சொல்லுங்க. எடுத்த வரிகளை நீங்க கூட்டிப் பாருங்க, ஒரு காசு இடிச்சாலும் அந்தப் பேரை மறுபடி ஓட்டுங்க. ஒத்துப்போனதை மட்டும்தான் நான் பிரிண்ட் எடுத்து பெரியப்பா கையில குடுக்கறேன்.